போடியம் கோட்டை: தண்ணி நடுவுல ஒரு கல்வீடு

"மாமா, இது மிதக்குதா?"

அக்கா பையன் கேட்ட முதல் கேள்வி இதுதான். கார் பார்க்ல இருந்து நடந்து வர்றப்போ மொதல்ல புல்வெளி, அப்புறம் ஒரு சின்ன மேடு, அந்த மேட்ட ஏறினதும் சட்டுனு முன்னாடி அகலமா தண்ணி, அந்த தண்ணிக்கு நட்ட நடுவுல நாலு மூலையிலயும் உருண்ட கோபுரம் வெச்சு ஒரு கோட்டை. சுத்தி துளி மண்ணு தெரியாது, சுவர் நேரா தண்ணிக்குள்ள இறங்குது. அவன் அப்படி கேட்டதுல தப்பே இல்ல, நான் மூணாவது தடவையா போறேன், எனக்கே ஒரு செகண்ட் அப்படித்தான் தோணுச்சு.

இங்கிலாந்தோட தென்கிழக்கு மூலையில ஈஸ்ட் சஸ்ஸெக்ஸ்ல இருக்கு இந்த போடியம் கோட்டை. கீழ ராதர்னு ஒரு ஆறு ஓடுது, இன்னைக்கு பார்த்தா அது ஒரு பெரிய வாய்க்கால் அளவுதான் இருக்கும், ஆனா கோட்டை கட்டின காலத்துல கடல்ல இருந்து படகுங்க இந்த ஆத்து வழியா இவ்ளோ தூரம் உள்ள வந்துட்டு இருந்துச்சு. இந்த ஒரு விஷயத்த மனசுல வெச்சுக்கணும், இல்லன்னா இங்க எதுக்கு ஒரு கோட்டைன்னே புரியாது. அதுக்கும் ஆயிரம் வருஷம் முன்னாடி ரோமானியர்களுக்கே இது படகுத்துறை. சுத்து வட்டாரத்துல இரும்பு உருக்கி அனுப்பிட்டு இருந்தாங்க, அவங்க கடற்படையோட முத்திரை குத்தின ஓடெல்லாம் இங்க தோண்டி எடுத்திருக்காங்க.

கட்டினவர் பேரு சர் எட்வர்ட் டாலிங்ரிட்ஜ்.  இவர் பார்த்துக்கிட்ட பிழைப்பு என்னன்னா பிரான்ஸுக்குப் போய் சண்டை போடுறது. இங்கிலாந்தும் பிரான்ஸும் தலைமுறை தலைமுறையா போட்டுக்கிட்ட நூறாண்டுப் போர்னு சொல்றாங்களே, அந்த சமயம். சண்டைன்னா ராஜா கொடிக்குக் கீழ வரிசையா நின்னு போடுறது மட்டும் இல்ல, ராபர்ட் நோல்ஸ்னு ஒரு தளபதி, அவர் படை போன வழியில ஊர் ஊரா கொளுத்திட்டுப் போவாங்க, கூரை எரிஞ்சு போயி கருகின முக்கோணச் சுவர் மட்டும் நிக்கிற வீடுங்கள பிஷப் தொப்பியோட ஒப்பிட்டு அவர் பேரச் சொல்லியே கூப்பிட்டிருக்காங்க. அந்த நோல்ஸ்கிட்டதான் டாலிங்ரிட்ஜ் வேலை பார்த்தார். அங்க சேர்த்த காசோட ஊர் திரும்பினார், எலிசபெத் வார்டியூன்னு ஒரு அம்மாவ கல்யாணம் பண்ணினார், போடியம் கிராமமே அந்தம்மா வழியா வந்த சொத்துதான். அப்புறம் சஸ்ஸெக்ஸ்ல இருந்து பத்து தடவை பார்லிமென்ட் உறுப்பினர். நடுவுல ராஜாவோட சித்தப்பா ஜான் ஆஃப் கான்ட்டையே பகைச்சுக்கிட்டு 1384ல ஜெயிலுக்கும் போயிட்டு வந்திருக்கார். சும்மா இருக்கிற ஆள் இல்ல.

1377ல பிரெஞ்சுக்காரங்க கடல் வழியா வந்து ரை ஊர கொளுத்திட்டுப் போயிட்டாங்க. 1380ல வின்செல்ஸி. ரெண்டும் இதே ஆத்தோட வாய்க்கு பக்கத்துல இருக்கிற ஊருங்க. ரையில புகை கிளம்பினா போடியத்துல இருக்கிறவனுக்கு அடுத்தது நாமதான்னு தோணாதா? அந்த பயத்துல 1385 அக்டோபர்ல ராஜா ரெண்டாம் ரிச்சர்ட் (அப்போ அவருக்கு 18 வயசுதான்) டாலிங்ரிட்ஜுக்கு ஒரு அனுமதிப் பத்திரம் குடுக்குறார், கடலுக்குப் பக்கத்துல இருக்கிற உன் வீட்டச் சுத்தி கல்லும் சுண்ணாம்பும் வெச்சு மதில் கட்டி பலப்படுத்திக்க, சுத்துப்பட்ட ஊருங்களக் காப்பாத்த, எதிரிங்களத் தடுக்கன்னு.

அந்தப் பத்திரத்துல ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மதில் உச்சியில பல்லு வரிசை மாதிரி ஏத்தி எறக்கி கட்டியிருப்பாங்களே, அத வெச்சுக்கத்தான் குறிப்பா ராஜா அனுமதி. நம்ம பழைய தமிழ்ல அதுக்கு ஞாயில்னு ஒரு அழகான சொல் இருக்கு, அகழிக்கும் கிடங்குன்னு இன்னொரு பேரு உண்டு. அதாவது உன் வீட்டு மதில்ல ஞாயில் இருந்தா நீ சாதாரண ஆள் இல்ல, ராஜாவே கையெழுத்து போட்டுக் குடுத்த ஆள்னு அர்த்தம். பாதுகாப்புக்கு வாங்கின பத்திரம்தான், ஆனா அது அந்தஸ்துக்கும் பத்திரம். இந்த ரெண்டையும் பிரிக்க முடியாதுங்கிறதுதான் இந்தக் கோட்டையச் சுத்தி நடக்க நடக்க எனக்குத் தோணிட்டே இருக்கிறது.

ராஜா சொன்னது இருக்கிற வீட்ட பலப்படுத்திக்கன்னு. இவர் செஞ்சது பழைய வீட்ட அப்படியே விட்டுட்டு புதுசா ஒரு இடம் பார்த்து அடியில இருந்து கட்டினது.

சரி இப்ப தண்ணிக்கு வர்றேன், ஏன்னா இந்த இடத்தோட உயிரே அதுதான். அகழி ஆத்துத் தண்ணியில நிறையறது இல்ல, ஊத்துத் தண்ணி. சரிவுல இருக்கிற ஊத்துங்கள இந்தப் பள்ளத்துல தேக்கி கீழ்ப்பக்கம் மண்ணால கரை போட்டு நிறுத்தியிருக்காங்க, நாம ஏரிக்கு கரை போடுறோமே அந்த மாதிரி. ஆழம் சராசரியா 1.5 மீட்டர்தான், தென்கிழக்கு மூலையில கொஞ்சம் அதிகம், 2 மீட்டர் வரைக்கும். பார்க்கிறப்போ ஆள முழுங்கிடும் போல இருக்கு, நிஜத்துல நிறைய இடத்துல உயரமான ஆள் நின்னா தலை வெளிய தெரியும். ஆனா இரும்புச் சட்டை போட்டவன் ஏணியையும் தூக்கிட்டு கால் புதையிற சேத்துல அந்த ஆழத்த கடக்கணும், மேல இருந்து அம்பு வருதுன்னா அதுவே போதும். சுவருக்கு அடியில சுரங்கம் தோண்டி கோட்டைய சாய்க்கிறது அப்போ வழக்கமான வழி, சுத்தி தண்ணி இருந்தா அதுவும் நடக்காது.

அப்புறம் அந்த பாலம். இன்னைக்கு வடக்குக் கரையில இருந்து நேரா பாலத்துல நடந்து வாசலுக்குப் போயிடலாம். அன்னைக்கு அப்படி இல்ல. மேற்குக் கரையில இருந்து நீளமா ஒரு மரப் பாலம், அது அகழிக்குள்ள இருக்கிற எட்டு மூலை கல் திட்டுக்கு வரும், அங்க வந்து சரியா வலது பக்கம் திரும்பினாத்தான் வாசல் பக்கம் போக முடியும், நடுவுல தூக்குப் பாலம் வேற. யோசிச்சுப் பாருங்க, மேற்குல இருந்து வர்றவனுக்கு கோட்டை வலது கைப் பக்கம் இருக்கு. கேடயம் இடது கையில. அதாவது பாலம் முழுக்க அவன் கேடயம் இல்லாத பக்கத்த கோட்டைக்குக் காட்டிக்கிட்டே நடக்கணும். அந்த எட்டு மூலை திட்டு இன்னும் அப்படியே இருக்கு, நாம பாலத்துல போறப்போ நடுவுல வர்றது அதுதான், நிறைய பேர் செல்ஃபி எடுத்துட்டு தாண்டிப் போயிடுறாங்க, ஒரு நிமிஷம் அங்க நின்னு மேற்குப் பக்கம் திரும்பிப் பார்த்துட்டுப் போங்க.

வாசல் கோபுரத்துல சாவி ஓட்டை மாதிரி துளைங்க இருக்கு, கீழ உருண்டையா மேல கீத்தா. அது அம்புக்கு இல்ல, துப்பாக்கிக்கு. 1385லயே சின்ன பீரங்கி வைக்க ஏற்பாடு பண்ணிட்டாங்க. வாசலுக்குள்ள போய் அண்ணாந்து பார்த்தா கூரையில வட்ட வட்டமா ஓட்டை, கொலை ஓட்டைன்னே அதுக்கு பேரு, மாட்டினவன் தலையில மேல இருந்து என்ன வேணா போடலாம். மேல இருந்து இறங்குற அந்த மரச் சட்டக் கதவு, இரும்புத் தகடு அடிச்சது, இன்னும் அங்கயே தொங்குது. வாசலுக்கு மேல மூணு குடும்பத்தோட கேடயச் சின்னம் செதுக்கியிருக்கு: டாலிங்ரிட்ஜ், பொண்டாட்டி வீட்டு வார்டியூ, அப்புறம் உறவுக்காரக் குடும்பமான ராடிண்டன். தெற்குல பின்வாசல் இருக்கு, அது மேல இருக்கிறது நோல்ஸோட சின்னம். பிரான்ஸ்ல ஊர் ஊரா கொளுத்தின அதே நோல்ஸ்தான். இந்தக் கல்லுக்கு காசு எங்கிருந்து வந்துச்சுன்னு கட்டினவரே ஒளிக்காம எழுதி வெச்சிருக்கார்னுதான் நான் அத படிக்கிறேன். ரைக்கு பிரெஞ்சுக்காரன் பண்ணினதத்தான் இவங்க பிரான்ஸ்ல பண்ணிட்டு வந்தாங்க, அந்தக் காசுலதான் பிரெஞ்சுக்காரனத் தடுக்க கோட்டை. இத யோசிச்சா அந்த அழகான தண்ணிய பார்க்கிறப்போ மனசு கொஞ்சம் கனமாகுது.

ரொம்ப காலம் எல்லாரும் இத ஒரு பக்கா போர்க் கோட்டைன்னுதான் எழுதினாங்க. 1980கள்ல இருந்து பேச்சு மாறிடுச்சு, சார்ல்ஸ் கூல்சன்னு ஒரு வரலாற்று ஆய்வாளர் உட்பட சில பேர் ஒவ்வொண்ணா கேள்வி கேட்க ஆரம்பிச்சாங்க. அகழிக் கரையில மண்ண வெட்டி விட்டா தண்ணி ஓடிப் போயிடுமே, அந்தக் கரையக் காக்க என்ன ஏற்பாடு இருக்கு? வெளிச் சுவர்ல கிழக்குப் பக்கம் தேவாலயத்துக்கு இவ்ளோ பெரிய ஜன்னல் எதுக்கு? வடக்குல மேடு இருக்கு, அங்க ஏறி நின்னா கோட்டை மொத்தமும் கீழ தெரியுது, போருக்குன்னா அந்த மேட்டுல இல்ல கட்டியிருக்கணும்? மேல இருக்கிற ஞாயிலே அளவு சின்னது, பின்னாடி ஒரு ஆள் ஒழுங்கா ஒளிஞ்சு நிக்க முடியாதுன்னும் சொன்னாங்க. 1980களோட கடைசியில சுத்தி இருக்கிற நிலத்த அளந்து பார்த்தப்போ இன்னொண்ணு தெரிஞ்சுச்சு, அகழி மட்டும் இல்ல, சுத்தி சின்னச் சின்னதா வேற நீர்நிலைங்களும் இருந்திருக்கு, வர்றவன் தண்ணி தண்ணியா தாண்டி கோட்டைய ஒவ்வொரு கோணத்துலயும் பார்த்துட்டு சுத்தி வந்துதான் வாசலுக்கு வரணும். வடக்கு மேட்டுல ஒரு மண் மேடை இருக்கு, அங்க நின்னு பார்த்தா தண்ணியில தலைகீழா கோட்டையும் சேர்ந்து தெரியும்.

அதனால சில பேர் இப்ப இது கோட்டையே இல்ல, பணக்காரன் வீடு, கோட்டை வேஷம் போட்டதுன்னு முடிச்சிடுறாங்க. அதுல எனக்கு உடன்பாடு இல்ல. பாதி சரி. பார்க்கிறவன் வாய் பிளக்கணும்னு கட்டினதுதான், அந்தத் தண்ணி ஒரு கண்ணாடி, சந்தேகமே இல்ல. ஆனா 1377ல ரை எரிஞ்சது வேஷம் இல்லயே. 1386ல பிரெஞ்சுக்காரங்க இங்கிலாந்து மேல பாயறதுக்கு பெரிய கப்பல் படையே சேர்த்தாங்க, கடைசியில கிளம்பலன்றது வேற விஷயம். கல்லு சுமந்த ஆளுங்களுக்கு அது கிளம்பாதுன்னு எப்படித் தெரியும்? பயமும் நிஜம், பெருமையும் நிஜம், ஒரே சுவர்ல ரெண்டும் இருக்கு. அதுவும் இல்லாம படகுல பத்து இருபது பேரா கொள்ளையடிக்க வர்றவன் உக்காந்து கரை வெட்டிட்டு இருக்க மாட்டான், தண்ணியப் பார்த்துட்டு வேற ஊருக்குப் போவான்.

உள்ள போனா கூரை இல்ல, ஆகாசம்தான். வெளியில இவ்ளோ முழுசா இருக்கிற கோட்டை உள்ள வெறும் எலும்பா நிக்கிறது முதல் தடவை போறவங்களுக்கு ஏமாற்றமா இருக்கும். ஆனா நின்னு பாருங்க. தெற்குப் பக்கம் பெரிய கூடத்து சுவர்ல பக்கத்து பக்கத்துல மூணு வளைவு வாசல் இருக்கும், சாப்பாடு, சாராயம், சமையல்கட்டு மூணும் அந்த வழியாத்தான் கூடத்துக்கு வந்திருக்கு. தென்மேற்கு கோபுரத்தோட அடியில கிணறு, அதே கோபுரத்தோட உச்சியில புறாக் கூடு, சுவர் முழுக்க மாடம் மாடமா. தண்ணியும் கறியும் வெளிய போகாமலே கிடைக்க வழி. சுவருங்கள்ல அந்தரத்துல அடுப்பு அடுப்பா தொங்குது, தரை போயிடுச்சு கணப்பு மட்டும் மிச்சம். யாரோ ஒருத்தர் குளிர்ல அது முன்னாடி கைய நீட்டிட்டு நின்ன இடம் இப்ப நம்ம தலைக்கு மேல காத்துல இருக்கு.

டாய்லெட் மொத்தம் 28. நான் எண்ணல, ஆனா அவ்ளோன்னுதான் கணக்கு. சுவர்த் தடிப்புக்குள்ளயே சின்ன அறையா கட்டி எல்லாத்தையும் நேரா அகழிக்குள்ள விட்டுட்டாங்க. அக்கா பையன் இத கேட்டதும் தண்ணிய எட்டிப் பார்த்துட்டு "அப்போ அந்த மீனு?" ன்னான். இன்னைக்கு அகழியில நல்லா கொழுத்த கெண்டை மீனுங்க இருக்கு, பாலத்துக்குக் கீழ வாயத் தொறந்துட்டு வரும். இப்ப தண்ணி சுத்தம்டா, அது ஆறு நூறு வருஷம் முன்னாடின்னு சொல்லி சமாதானப்படுத்தினேன். ஆனா அவன் கேட்டது சரியான கேள்வி. ராத்திரி வௌவாலுங்க வேற, இந்தக் கோபுரங்கள்ல குட்டி போட்டு வளர்க்கிற வௌவால் கூட்டம் இருக்கு, தண்ணிக்கு மேல பறந்து பூச்சி பிடிக்கிற இனமும் அதுல உண்டு. அகழி யாருக்கு இப்ப நல்லா உபயோகப்படுதுன்னா அதுங்களுக்குத்தான்.

இவ்ளோ ஏற்பாடும் பண்ணின கோட்டையில சண்டை நடந்துச்சான்னா, சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் இல்ல. டாலிங்ரிட்ஜ் குடும்பத்துக்கு அப்புறம் லூக்னர் குடும்பத்துக்குப் போச்சு, 1483ல மூணாம் ரிச்சர்ட் ராஜாவ எதிர்த்து பட்டத்துக்குப் போட்டி போட்ட ஹென்றி டியூடர் பக்கம் நின்னதுக்காக இத முற்றுகை போடச் சொல்லி ஆள் அனுப்பினாங்க, பெருசா எதிர்ப்பு இல்லாம குடுத்துட்டாங்க போலத்தான் இருக்கு. ஹென்றி ஜெயிச்சதும் திரும்பக் கிடைச்சுது. உள்ள இப்படி எலும்பானது எதிரியால இல்ல, ராஜாவும் பார்லிமென்ட்டும் மோதிக்கிட்ட உள்நாட்டுப் போர்ல ராஜா பக்கம் நின்ன ஜான் டஃப்டன், அப்போ கோட்டை அவர்கிட்ட இருந்துச்சு, அபராதம் கட்ட காசு இல்லாம 1644ல நதானியல் பவல்ங்கிற பார்லிமென்ட் பக்கத்து ஆளுக்கு வித்தார், அதுக்கப்புறம் உள் கட்டடங்கள இடிச்சு எடுத்துட்டாங்க. ஐவி கொடி ஏறி பாழடைஞ்சு கிடந்துச்சு.

அதுக்கப்புறம் காப்பாத்தினவங்க கதை. 1829ல இடிச்சு கல்லை எடுக்கப் போறாங்கன்னு இருந்தப்போ ஜான் ஃபுல்லர்னு பக்கத்து ஊர் பணக்காரர் சுமார் 3,000 பவுண்ட் குடுத்து வாங்கி நிறுத்தினார். நல்ல மனுஷன்னு நினைச்சு தேடிப் பார்த்தா அவருக்கு ஜமைக்காவுல அடிமைங்கள வெச்சு நடத்தின தோட்டம் இருந்திருக்கு, பார்லிமென்ட்ல எழுந்து அடிமை முறைக்கு ஆதரவா பேசின ஆள். மைக்கேல் ஃபாரடே பார்த்த வேதியியல் பேராசிரியர் பதவிக்கு காசு குடுத்ததும் இதே ஃபுல்லர்தான். அப்புறம் ஜார்ஜ் கியூபிட்னு ஒருத்தர் வாங்கி கொஞ்சம் பழுது பார்த்தார்.

அவருக்கு அடுத்து வந்த பேர பலகையில படிச்சதும் நான் அங்கயே நின்னுட்டேன். கர்சன். நம்ம ஸ்கூல் வரலாற்றுப் புத்தகத்துல 1905 வங்காளப் பிரிவினைன்னு மனப்பாடம் பண்ணினோமே, அதே கர்சன் பிரபு. முதல் உலகப் போர் நடந்துட்டு இருந்த சமயத்துல இத வாங்கினார், போர் முடிஞ்சதும் அகழித் தண்ணிய மொத்தமா வடிச்சு, தோண்டி, பழைய பாலத்தோட அடித் தடம் எங்க இருந்துச்சுன்னு பார்த்து, சுவரெல்லாம் பழுது பார்த்து, திரும்ப நிரப்பினார். 1925ல சாகும்போது பழைய இடங்களக் காக்கிற நேஷனல் டிரஸ்ட்ங்கிற அமைப்புக்கு எழுதி வெச்சுட்டுப் போனார், இன்னைக்கும் அவங்ககிட்டதான் இருக்கு. இந்தியாவுல பழைய நினைவுச் சின்னங்களக் காக்கிற 1904 சட்டம் அவர் காலத்துல வந்தது, தாஜ்மகாலுக்குள்ள தொங்குற விளக்கு கூட அவர் குடுத்தது. ஒரு மாகாணத்தையே ரெண்டா வெட்டி லட்சக்கணக்கான பேர வீதிக்கு இறக்கின அதே கை கல்லு விழாம ஒட்டி வெச்சிருக்கு. அவர மன்னிக்க எனக்கு மனசு இல்ல. ஆனா அவர் பண்ணலன்னா நான் இன்னைக்கு இந்தத் தண்ணி முன்னாடி நின்னிருக்க முடியாதுங்கிறதும் தெரியுது.

போறதா இருந்தா டென்டர்டென் ஊர்ல இருந்து நீராவி ரயில்ல போங்க, 1961ல முழுசா மூடின பாதை, ஆர்வலர்கள் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா மீட்டு 2000ல போடியம் வரைக்கும் கொண்டு வந்துட்டாங்க. ஒரு காலத்துல லண்டன்ல இருந்து குடும்பம் குடும்பமா இந்த ரயில்ல ஹாப்ஸ் பறிக்க வருவாங்களாம், பீருக்கு கசப்பு சேர்க்கிற அந்தக் கொடிதான், கின்னஸ் கம்பெனிக்கே இங்க தோட்டம் இருந்துச்சு. ஸ்டேஷன்ல இறங்கி ஆத்த தாண்டி நடந்தா கோட்டை தெற்குப் பக்கமா தெரியும், படகுல வந்தவன் பார்த்த மாதிரியே. கோபுரத்து மேல ஏறுங்க, படி குறுகலா சுத்திட்டுப் போகும், மேல நின்னா பள்ளத்தாக்கு முழுக்க பச்சை, கடல் எங்கயோ அந்தப் பக்கம், கண்ணுக்குத் தெரியாது.

திரும்பி வர்றப்போ பாதை ஓரத்துல ஒரு கான்கிரீட் பெட்டி மாதிரி இருந்துச்சு, சுவர்ல கிடைமட்டமா கீத்து. அக்கா பையன் ஓடிப் போய் உள்ள எட்டிப் பார்த்தான். 1940ல கட்டினது, ஜெர்மன்காரன் கடல் தாண்டி வந்தா ஆத்துப் பாலத்த சுட்டுக் காக்கிறதுக்கு உள்ள ஆள் உட்கார. அதே ஆறு, அதே பள்ளத்தாக்கு, 555 வருஷம் கழிச்சு. அங்கயும் படை வரல.

"மாமா, இதச் சுத்தி ஏன் தண்ணி விடல?"

நேரம் இருந்திருக்காதுடா, அவசரமா கட்டினாங்கன்னு சொன்னேன். அவன் திரும்பி கோட்டையப் பார்த்தான், அப்புறம் இதப் பார்த்தான். காத்து நின்னுடுச்சு, தண்ணியில கோட்டை முழுசா தலைகீழா தெரிஞ்சுட்டு இருந்துச்சு.